சில்லறையில் விற்கப்படும் மயில்துத்தம்: விவசாயிகள் கவனத்திற்கு

கொல்லிமலை அடிவாரத்துக் கடை ஒன்றில், மிளகுக் கொடிகளை வாடல் நோயிலிருந்து காக்கும் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லிக்காக நான் வாங்கிய மயில்துத்தத்தில் (காப்பர் சல்பேட்) அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்திருந்தது. மூட்டையைப் பிரித்து, பெயரோ தொகுதி எண்ணோ எச்சரிக்கைக் குறியோ இல்லாத பாலித்தீன் பையில் கட்டிக் கொடுத்த கடைக்காரர், பில் கேட்டதற்கு, சில்லறைச் சரக்குக்குப் பில் போடும் வழக்கம் இல்லை என்றார்.

100 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ மயில்துத்தமும் 1 கிலோ சுட்ட சுண்ணாம்பும் என்பது போர்டோ கலவையின் அளவு. இரண்டையும் பிளாஸ்டிக் தொட்டிகளில் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றும்போது தெளிந்த வான நீலம் வர வேண்டும். எங்கள் தொட்டியில் அழுக்குப் பச்சை வந்தது. சிறிது நேரத்தில் விளிம்பில் ஒட்டியிருந்த படிவு துருப்பிடித்தாற்போல் பழுப்பாயிற்று. தெளிப்பதை நிறுத்திவிட்டு, மீதிச் சரக்கில் ஒரு சிட்டிகையைத் தெரிந்த வேதியியல் ஆசிரியரிடம் கொடுத்தேன். கரைசலில் அவர் அமோனியாவைத் தாராளமாக விட்டதும் மேலே கருநீலம் பரவியது, அடியில் பழுப்பு வண்டல் தங்கியது. சுத்தமான துத்தமாக இருந்தால் வண்டலே இல்லாமல் முழுவதும் கருநீலமாகத் தெளிந்திருக்கும். தங்கிய பழுப்பு, இரும்பு. (கட்டிகளின் மேல் வெண்பொடி பூத்திருப்பதை மட்டும் வைத்துக் கலப்படம் என்று முடிவு செய்யாதீர்கள். நீர்ச்சத்து வற்றினால் நல்ல துத்தமும் வெளுக்கும்.)

தரமான மயில்துத்தத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தாமிரம். பூஞ்சையைத் தடுப்பது அந்தத் தாமிரம்தான் என்பதால், அது குறைந்த கலவையைத் தெளித்துவிட்டு மழையை எதிர்கொள்ளும் தோட்டத்துக்குப் பாதுகாப்புக் குறைவு. சுண்ணாம்புதான் சரியில்லை என்று கடைக்காரர் வாதிட்டார். ஆனால் அதே சுண்ணாம்பு, வேறு கடையில் முத்திரையுடன் வாங்கிய துத்தத்தோடு சேர்ந்தபோது குறையில்லாத நீலம் தந்தது.

பணம் போனதைவிட எனக்குக் கோபமூட்டியது, அவர் சொன்ன யோசனைகள். கையாலேயே கலக்கலாம், ஒன்றும் செய்யாது என்றார். மயில்துத்தம் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு வரலாம். விழுங்கினால் கடும் வாந்தியும், இரத்தச் சிவப்பணுச் சிதைவும், கல்லீரல், சிறுநீரகப் பாதிப்பும் ஏற்பட்டு உயிரே போகலாம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காமல், 108-ஐ அழைத்து, பையையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். பெயரில்லாத பையைப் பார்த்து மருத்துவர் எதைப் புரிந்துகொள்வார்? கற்கண்டுபோல் மின்னும் இந்த நீலக் கட்டிகளைக் குழந்தைகள் கைக்கெட்டும் இடத்தில் வைக்கவே கூடாது.

மீதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு, ஓடையில் கொட்டிவிடுங்கள் என்றார். மிகக் குறைந்த அளவுத் தாமிரமே மீன்களைக் கொன்றுவிடும். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். முத்திரை பிரிக்காத, தொகுதி எண் உள்ள பையையே கேளுங்கள், அந்த எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எழுத்துமூலம் தெரிவியுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதியலாம்.