டீஸ் ஆங்கிலம்: ஆப்பா, பழைய கிராமர் புத்தகமா, ஏடிஐ மாதிரித் தேர்வா?

நர்சிங் படிக்கலாம் என்று முடிவெடுத்தபோது எனக்கு வயது 38. இங்கே டெக்சாசில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கம்யூனிட்டி காலேஜ், இரண்டு வருடப் படிப்பு. சேர வேண்டுமென்றால் டீஸ் (TEAS) என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கணக்குக்கும் அறிவியலுக்கும்தான் பயந்துகொண்டிருந்தேன். ஆங்கிலத்தை யார் சட்டை செய்தார்கள்? சென்னையில் ஆறு வருடம் ஆங்கிலத்தில் மெயில் எழுதித்தானே சம்பளம் வாங்கினேன்! மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தால், நான்கு பகுதிகளிலும் ஆங்கிலத்தில்தான் ஆகக் குறைவு. 37 கேள்வியில் 14 தப்பு.

அப்புறம்தான் ஒழுங்காக உட்கார்ந்தேன். கையில் மூன்று வழி இருந்தது: போனில் ஒரு ஆப், ஊரிலிருந்து வந்த பழைய கிராமர் புத்தகம், தேர்வை நடத்தும் ஏடிஐ நிறுவனமே விற்கும் மாதிரித் தேர்வு. மூன்றையும் பார்த்துவிட்டேன். நான் ஏடிஐ பக்கம் சாய்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தேர்வின் அமைப்பு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 2022 ஜூன் முதல் நடப்பது ஏழாம் பதிப்பு. மொத்தம் 170 கேள்வி, 209 நிமிடம். வாசிப்பு, கணக்கு, அறிவியல் மூன்றும் முடிந்து மூளை வெந்துபோயிருக்கும் நேரத்தில் கடைசியாக ஆங்கிலம் வரும்: 37 கேள்வி, 37 நிமிடம். இதில் 4 கேள்விக்கு மதிப்பெண் கிடையாது, சோதனைக்காகச் சேர்த்தவை. எந்த நான்கு என்று நமக்குத் தெரியாது. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, அதனால் எதையும் காலியாக விடக் கூடாது. சில காலேஜ்களில் டீசுக்குப் பதிலாக எல்செவியர் நிறுவனத்தின் ஹெசி ஏ2 (HESI A2) தேர்வைக் கேட்பார்கள். அதில் கிராமரும் சொல்வளமும் தனித்தனிப் பகுதிகள். நான் அதை எழுதவில்லை. எழுதிய தோழி சொன்னதை வைத்துப் பார்த்தால் கீழே வரும் முக்கியமான விஷயம் அதற்கும் பொருந்தும் என்றுதான் தோன்றுகிறது.

ஆப்பை முதலில் முடித்துவிடுகிறேன். பஸ்சில், பிள்ளையை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டுக் காத்திருக்கும்போது, பத்துப் பத்தாகக் கேள்வி போடலாம். வேகம் வரும். ஆனால் தப்பாகப் போட்டால் சிவப்பில் காட்டி, 'சரியான விடை பி' என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளும். ஏன் பி? தெரியாது. ஒரு கேள்விக்கு ஆப்பின் விடையே தவறு என்று எனக்குப் பட்டது. இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான் அதுதான் தவறு, நான் போட்டது சரி என்று உறுதியானது. ஆப் எல்லாமே இப்படியா என்றால், நான் பார்த்தது இந்த ஒன்றைத்தான்.

கிராமர் புத்தகம் அப்பாவின் அலமாரியிலிருந்து வந்தது, அட்டை போய்விட்டது. நம்மில் பலர் இதுபோன்ற ஒன்றை வைத்துத்தான் ஆங்கிலம் படித்தோம். விதி, உதாரணம், பயிற்சி என்று ஏன் எதற்கு என்பதெல்லாம் விளக்கமாக இருக்கும். சிக்கல் என்னவென்றால் அது பிரிட்டிஷ் ஆங்கிலம். 'டீம்' என்ற சொல்லுக்கு 'ஆர்' போட்டாலும் அங்கே ஏற்பார்கள், இங்கே 'இஸ்'தான். மேற்கோள் முடியும் இடத்தில் கமாவும் முற்றுப்புள்ளியும் அமெரிக்காவில் மேற்கோள் குறிக்கு உள்ளே வரும். நான் பழக்கதோஷத்தில் வெளியே வைத்துக்கொண்டிருந்தேன். 'லேபர்' என்பதில் ஒரு யூ கூடுதலாக வந்து நிற்கும். போதாததற்கு, ஒரு பத்தியைக் கொடுத்து எந்த வாக்கியம் அங்கே ஒட்டவில்லை, எந்த நடை முறையான எழுத்துக்குப் பொருந்தும் என்று டீஸ் கேட்கும் வகைக் கேள்விகளைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம்கூட இல்லை.

ஏடிஐ பக்கம் நான் சாய ஒரே காரணம், தப்பான விடை ஏன் தப்பு என்ற விளக்கம். அது நம்மைப் போன்ற தமிழ்க்காரர்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இங்கே யாரைக் கேட்டாலும் ஒரு யோசனை சொல்வார்கள்: வாக்கியத்தை வாய்விட்டுப் படி, காதுக்குச் சரியாகப் பட்டால் சரி. பிறந்ததிலிருந்து ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவருக்கு அது ஓரளவு சரிவரும். நம் காது தமிழ்க் காது, அது நம்மைக் கவிழ்த்துவிடும்.

என் 14 தப்புகளில் 6, எழுவாய் பன்மை, வினை ஒருமை வகையைச் சேர்ந்தவை. 'தி ரிசல்ட்ஸ் ஆஃப் தி ப்ளட் டெஸ்ட் வாஸ் நார்மல்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் இதில் குற்றம் காணவே இல்லை. ரிசல்ட்ஸ் பன்மை, அதனால் 'வேர்' வர வேண்டும். ஏன் உறைக்கவில்லை என்று யோசித்தால், நாம் வீட்டில் எப்படிப் பேசுகிறோம்? 'ரிசல்ட்டெல்லாம் நார்மலா இருந்தது', 'மாடுகள் வந்தது', 'துணிகள் காயுது'. அஃறிணைப் பன்மைக்கு ஒருமை வினை போட்டே பழகிய வாய். எழுதும்போது மட்டும் 'இருந்தன' என்று திருத்திக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அந்தத் திருத்தும் கை நீள மறந்துவிடுகிறது. 'டிஸ்கஸ் அபவுட்' இன்னொன்று. 'அதைப் பற்றிப் பேசினோம்' என்பதில் இருக்கும் 'பற்றி' எங்கும் கூடவே வரும். 'இக்விப்மெண்ட்ஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' (கடைசியில் 'எஸ்' வரக் கூடாது) எல்லாம் சென்னை ஆபீசில் நாள்தோறும் கேட்டவை, காதுக்கு இனிமையாகவே இருக்கின்றன.

ஒரே ஒரு இடத்தில் தமிழ் கைகொடுத்தது. 'வாஷிங் ஹெர் ஹேண்ட்ஸ், தி இன்ஜெக்ஷன் வாஸ் கிவன்' போன்ற வாக்கியத்தில் கை கழுவியது யார், ஊசியா? இதை 'கையைக் கழுவி ஊசி போடப்பட்டது' என்று எழுதினால் தமிழிலும் இடிக்கும். 'கழுவி' போன்ற 'செய்து' வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையைக் கொண்டே முடியும் என்று தமிழம்மா வகுப்பில் சொன்னது, இத்தனை வருடம் கழித்து ஒரு அமெரிக்கத் தேர்வில் உதவியது!

ஆகவே 'விடை பி' என்பது நமக்குப் பத்தாது. எழுவாய் எது, இடையில் வந்து குழப்பிய சொல் எது, நாம் போட்ட விடை எந்த விதியில் அடிபடுகிறது என்று ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும். ஏடிஐ மாதிரித் தேர்வில் ஒவ்வொரு கேள்விக்கும் இந்த விளக்கம் வரும், எந்த உட்பிரிவில் சறுக்கினோம் என்ற அறிக்கையும் வரும். கேள்விகளின் தோரணையும் அசல் தேர்வை ஒட்டியே இருக்கும். பொருத்தமானவை எல்லாவற்றையும் தேர்ந்தெடு, வரிசைப்படுத்து போன்ற புது வகைக் கேள்விகளையும் அங்கேதான் முதலில் பார்த்தேன்.

குறை இல்லாமலில்லை. காசு கொடுக்க வேண்டும், கேள்விகளும் கொஞ்சம்தான். ஒரு முறை எழுதிய தாளைத் திரும்ப எடுத்தால் விடை நினைவிலிருந்து வருமே தவிர, அறிவிலிருந்து வராது. அதனால் தேர்வுக்கு முந்தைய வாரத்துக்கென்று அதைப் பொத்தி வைக்காதீர்கள். முதல் தாளை ஆரம்பத்திலேயே, ஒன்றும் படிக்காமல் எழுதுங்கள். உங்கள் தப்பு எது என்று தெரிந்த பிறகு, அந்தப் பாடத்தை மட்டும் பழைய புத்தகத்தில் எடுத்துப் படியுங்கள். நான் இரண்டாவது தாளைத் தேர்வுக்குப் பத்து நாள் முன்பு எழுதினேன், தப்பு 5 ஆகக் குறைந்தது. அதில் எவ்வளவு விளக்கத்தால் வந்தது, எவ்வளவு புத்தகத்தால் வந்தது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சொல்வளத்துக்கு ஹைபர், ஹைப்போ, இன்டர், இன்ட்ரா போன்ற முன்னொட்டுகளை ஆப்பிலேயே உருப்போட்டேன், அதற்கு அது போதும்.

இடையில் செய்த ஒரே வேலை, பிள்ளையின் மீதி நோட்டு ஒன்றில் மூன்று கட்டம் போட்டு எழுதியது: வாக்கியம், நான் போட்ட விடை, அது ஏன் தப்பு. மூன்றாவது கட்டத்தைத் தமிழில்தான் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதினால் விளக்கத்தை அப்படியே பார்த்து இறக்கிவிடுவேன், புரிந்ததா இல்லையா என்று எனக்கே தெரியாது. ரிசல்ட்ஸ் வாக்கியத்துக்கு நேரே இப்போதும் இருக்கிறது: 'ரத்தத்தைப் பார்க்காதே, ரிசல்ட்ஸைப் பார்.'