பாலிஷ் மெஷினும் பனியன் துணியும்: நான்கு வருட அனுபவம்

போன வாரம் பாலிஷ் மெஷின் மோட்டாரில் தேயும் கார்பன் பிரஷ்ஷை மாற்றினேன். அதைக் கேள்விப்பட்ட கோபிசெட்டிபாளையத்து நண்பன், "மாப்ள, ஊஞ்சல் பலகைக்கு நானும் ஒண்ணு வாங்கட்டுமா?" என்றான். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 5 அங்குல வட்டத் தட்டுள்ள ரேண்டம் ஆர்பிட்டல் வகை மெஷின். வீடு பல்லடம் பக்கம். இங்கே வார்னிஷ் அடிப்பதைவிடத் தூசி விழாமல் காயவைப்பதுதான் பெரும்பாடு. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, கதவைச் சாத்தினாலும் இடுக்கு வழியே மண்ணைக் கொண்டுவந்து போடும். தறிப் பஞ்சும் கூடச் சேரும். காய்ந்த பூச்சைத் தடவினால் ரவை ரவையாகத் தட்டுப்படும். அந்த ரவையை எடுக்கத்தான் மெஷின் வாங்கினேன்.

சமதளத்தில் அதன் வேலையைக் குறை சொல்லவே முடியாது. சுழன்றுகொண்டே அதிர்வதால் வட்டக் கீறல் விழுவதில்லை. சாப்பாட்டு மேசையை அரை மணி நேரத்தில் முடித்தேன். விளக்கைப் போட்டால் அதன் பிம்பம் மேசையில் கலங்காமல் தெரிகிறது.

ஆனால் விளிம்பு! நான்கு வருடமாக என் கோபமெல்லாம் அதன் மேல்தான். கூரான விளிம்பில் வார்னிஷ் காயும்போதே விலகி மெலிந்துவிடுகிறது. மெஷினின் அழுத்தமும் அங்கேதான் குவிகிறது. தேக்கு வாசக்கதவின் சட்டத்தில் இரண்டு நொடி கூடுதலாக வைத்தேன். மேல்பூச்சு அறுந்து அடிப்பூச்சு வரைபடக் கோடு மாதிரி வளையமாகத் தெரிந்தது. அரக்கு பாலிஷாக இருந்தால் ஸ்பிரிட் பட்டதும் பழைய பூச்சு கரைந்து புதியதோடு ஒன்றாகிவிடும். காய்ந்த வார்னிஷ் அப்படிக் கலக்காது, ஒவ்வொரு பூச்சும் தனித்தனி அடுக்காகவே நிற்கும். முழுச் சட்டத்துக்கும் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.

பார்க்க வந்த ஆசாரி அண்ணன், "மூலைக்கெல்லாம் கைதானுங்க தம்பி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அதன் பிறகு விளிம்பையெல்லாம் கையால்தான் தேய்க்கிறேன். பூச்சு காய்ந்து மூன்று நான்கு வாரமாவது ஆக வேண்டும். 1000, 1500, 2000 என்று நம்பர் ஏற ஏற நைசாகும் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஒரு மரக்கட்டையில் சுற்றி, சோப்புத் தண்ணீர் தொட்டு நிதானமாகத் தேய்க்க வேண்டும். (மெஷினைத் தண்ணீர் பக்கம் கொண்டுபோகவே கூடாது.) அப்புறம் ரப்பிங் காம்பவுண்டு என்ற பளபளப்பேற்றும் பசையைத் தேய்க்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட்! கிலோ கணக்கில் எடை போட்டு விற்கும் அந்த வெள்ளைப் பருத்தித் துண்டுகள்தான். தையல் இருக்கும் துண்டை மட்டும் கழித்துவிட வேண்டும், அது கீறும். பின்னல் துணி என்பதால் விரலோடு வளைந்து, சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள பள்ளம் வரை போகிறது. பூச்சு சூடேறினால் விரலுக்கு உடனே தெரியும், அப்போதே நிறுத்திவிடலாம். மெஷினில் அந்தச் சூடு தெரியும்போது பூச்சு போயிருக்கும்.

சரி, வாங்கலாமா? நான்கு வருடத்தில் ஒரு பிரஷ் செட்டைத் தவிர செலவே வைக்காத மெஷின். நான் இதை விற்க மாட்டேன். ஆனால் மாப்ள, நீ வாங்காதே. உன் ஊஞ்சல் பலகைக்கு நான்கு பக்கமும் கடைந்த விளிம்பு. அதில் இன்னொரு வளையம் விழுந்து பார்க்க எனக்கு மனசு வராது. காற்று அடங்கட்டும், இரண்டு கிலோ பனியன் துணியோடு நானே வருகிறேன்.