வியாழக்கிழமைப் பெட்டி: ஓராண்டு அனுபவம்

நகரத்தின் விளிம்பில் உள்ள சில சிறு பண்ணைகள் சேர்ந்து நடத்தும் வாராந்தரக் காய்கறிப் பெட்டிச் சேவையில் நான் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. பருவத்தின் தொடக்கத்திலேயே முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும், அந்த வாரம் வயலில் எது விளைந்ததோ அதில் நம் பங்கு வீட்டு வாசலுக்கு வந்துவிடும். இன்னது வேண்டும், இன்னது வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. இதுவரை 47 பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டேன். அடுத்த பருவத்துக்குத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்க வேண்டிய நேரம் வந்திருப்பதால், முதல் வாரத்து உற்சாகமும் நடுவில் வந்த எரிச்சலும் ஒருசேரத் தணிந்த நிலையில் இதை எழுதுகிறேன்.

சேவையைப் பற்றிச் சொல்வதற்கு முன், அதை எந்த அளவுகோலால் அளப்பது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஜப்பானில் 1970களில், பூச்சிமருந்துக்கு அஞ்சிய நகரத்துக் குடும்பங்கள் உழவர்களோடு நேரடியாக உடன்பாடு செய்துகொண்டு விளைச்சலை வாங்கத் தொடங்கின. 'தெய்கெய்' என்று அழைக்கப்பட்ட அந்த முறையையும், 1986இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இரண்டு பண்ணைகள் தொடங்கிய பங்கு முறையையும் இன்றைய பெட்டிச் சேவைகளுக்கு முன்னோடிகள் எனலாம். மழை பொய்த்தாலோ பூச்சி விழுந்தாலோ ஏற்படும் இழப்பு உழவரின் தலையில் மட்டும் விடியாமல் உண்பவரும் அதில் ஒரு பகுதியைச் சுமப்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. நாம் முன்கூட்டிக் கட்டும் பணம், விதைப்புக் காலத்தில் உழவர் கடனுக்கு அலையாமல் இருப்பதற்கான முதலாகவும் ஆகிறது. கடையில் எடைபோட்டு வாங்கும் கணக்கை இங்கே கொண்டுவந்து பொருத்தினால், எந்தப் பெட்டியும் தோற்றுத்தான் போகும்.

பெட்டியில் வருவனவற்றில் மிகச் சிறந்தது கீரை. இதில் எனக்கு ஐயமே இல்லை. விடியற்காலையில் வேரோடு பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, முற்பகலுக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள். கட்டைப் பிரிக்கும்போது தண்டு சட்டென்று ஒடிகிறது. வேரில் ஒட்டிய மண் ஈரம் காயாமல் இருக்கிறது. இலைகளில் பொட்டுப் பொட்டாகப் பூச்சி கடித்த துளைகள் தெரிகின்றன. நாலு தண்ணீரில் அலசினாலும் பாத்திரத்தின் அடியில் மணல் தங்குகிறது. ஒருமுறை அலசிய தண்ணீரில் ஒரு சிறு நத்தையும் இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொந்தரவுக்கு ஈடு உண்டு. பறித்த பிறகும் இலை மூச்சுவிட்டுக்கொண்டேதான் இருக்கிறது. தன்னிடமுள்ள சர்க்கரையைச் செலவழிக்கிறது, நீரை இழக்கிறது, அதிலுள்ள வைட்டமின் சி விரைவாகச் சிதைகிறது. இனிப்புச் சோளத்துக்கும் பச்சைப் பட்டாணிக்கும் இதே கதிதான்: பறித்த கணத்திலிருந்து சர்க்கரை மாவுப்பொருளாக மாறத் தொடங்கிவிடுவதால், அன்றைக்கே தின்றவர் அறிந்த சுவையை மூன்றாம் நாள் தின்றவர் அறிய மாட்டார். அருகில் விளைவதன் பயன் நாக்கில் தெளிவாகத் தெரிவது இந்த வகைகளில்தான். வெங்காயம், உருளைக்கிழங்கு, பூசணி போன்றவை நெடுநாள் தாங்கக்கூடியவை. அவற்றிலும் அதே அளவு வேறுபாட்டைக் கண்டதாகச் சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

தக்காளி இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தொலைதூரம் போக வேண்டிய தக்காளியைக் காயாகவே பறித்து, பிறகு எத்திலீன் வாயுவைக் கொண்டு பழுக்க வைப்பது வழக்கம். பெட்டியில் வருவதோ செடியிலேயே நிறம் மாறிய பழம். ஆதலால் தோல் மெல்லியது, காம்பைச் சுற்றி வெடிப்பும் உண்டு. வாரத்துக்கு இரண்டு மூன்று நசுங்கித்தான் வருகின்றன. பழத்தின் மென்மையைக் குறையாகச் சொல்ல மாட்டேன். அதை அடியில் வைத்து மேலே பூசணிக்காயை ஏற்றியவரைத்தான் குறை சொல்வேன். பெட்டியோடு வரும் துண்டுச் சீட்டிலும் பயனுள்ள குறிப்பு எதுவும் இருப்பதில்லை. ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தக்காளியின் மணம் குன்றிவிடும், ஆகவே அதைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளக்கூடாது என்பதையும், முள்ளங்கியின் தழை கிழங்கிலுள்ள நீரை இழுத்துக்கொள்ளும், ஆகவே வந்தவுடன் அதை நறுக்கித் தனியே வைக்க வேண்டும் என்பதையும் நானே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முள்ளங்கி என்றதும் அந்த ஆறு வாரங்கள் நினைவுக்கு வருகின்றன. தொடர்மழையில் மற்ற பயிர்கள் அழுகிப்போக, வாரந்தோறும் முள்ளங்கியும் பூசணியுமே வந்துகொண்டிருந்தன. மூன்றாம் வாரம் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்தோம். நான்காம் வாரம் அவர்கள் கதவைத் திறக்கவே தயங்கினார்கள். இழப்பைச் சேர்ந்து சுமப்பது என்று மேலே பெருமையாக எழுதியதன் பொருள் இதுதான் என்பதால், மழைக்காக நான் சேவையை நோகவில்லை. ஆனால் வயலில் என்ன நடக்கிறது என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். ஆறு வாரமும் 'இனிய வாரம் அமையட்டும்' என்று அச்சடித்த அதே சீட்டுதான் வந்தது. பாத்திகளில் தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்திருந்தால், அந்த முள்ளங்கியை முகம் சுளிக்காமல் அரிந்திருப்பேன்.

அதைவிடப் பெரிய மனத்தாங்கல் ஒன்று உண்டு. மழை ஓய்ந்த பின் வந்த ஒரு பெட்டியில் வெங்காயம் இருந்தது. எல்லாம் ஒரே அளவு, ஒன்றிலும் மண் இல்லை. ஒரு வெங்காயத்தின் காய்ந்த தோலில், மொத்தச் சந்தையில் பயன்படுத்தும் வலைப்பையிலிருந்து அறுந்த சிவப்பு இழை ஒன்று சிக்கியிருந்தது. தொலைபேசியில் கேட்டபோது முதலில் மழுப்பினார்கள்; பிறகு, பெட்டி வெறுமையாகத் தெரியக்கூடாது என்று வெளியில் வாங்கிச் சேர்த்ததாக ஒப்புக்கொண்டார்கள். வெளியில் வாங்குவதில் தவறில்லை, அதைச் சொல்லிவிட்டுச் செய்கிற சேவைகளும் இருக்கின்றன. பெட்டியின் மேல் 'எங்கள் மண்ணில் விளைந்தது' என்று முத்திரை குத்திவிட்டு உள்ளே அதை வைத்ததுதான் உறுத்தியது. வேறு சிலரும் கேட்டிருக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து, வெளியில் வாங்கிய பொருளுக்கு எதிரே சீட்டில் ஒரு நட்சத்திரக் குறி இடத் தொடங்கினார்கள். அந்தக் குறி வந்திராவிட்டால் இந்த மதிப்பீடு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

சேரும்போது கொடுத்த விளம்பரத் தாள், காய் பயணம் செய்யும் தூரம் குறைவு என்பதையே சுற்றுச்சூழலுக்குச் செய்யும் பெரிய நன்மையாக முன்வைக்கிறது. இதை அப்படியே ஏற்க முடியவில்லை. கார்னகி மெல்லன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட கணக்கின்படி, அமெரிக்கக் குடும்பங்களின் உணவால் உண்டாகும் பசுங்குடில் வாயுக்களில் 83 விழுக்காடு உற்பத்தி நிலையிலேயே வெளியாகிறது; எல்லாப் போக்குவரத்தும் சேர்ந்து 11 விழுக்காடு, அதிலும் விளைந்த இடத்திலிருந்து கடைக்கு வரும் பயணம் 4 விழுக்காடுதான். விமானத்தில் ஏறி வரும் காய்கனிகளை விலக்கிவிட்டுப் பார்த்தால், எதைத் தின்கிறோம், எப்படி விளைவிக்கிறோம், எவ்வளவை எறிகிறோம் என்பவற்றுக்குப் பின்னால்தான் தூரம் நிற்கிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, 2022இல் உலகில் வீணான உணவை 105 கோடி டன் என்று மதிப்பிட்டு, அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானதாகச் சொல்கிறது.

இதைப் படித்த பிறகு நான்கு வாரம் தராசும் கையுமாக இருந்தேன். எட்டுக் கிலோ பெட்டியில், தோலும் காம்பும் நீங்கலாக, முதல் வாரம் எறிந்தது ஒன்றேகால் கிலோ. தேர்ந்தெடுத்து வாங்காத காய், கேட்பாரற்று மூலையில் கிடந்து வாடுவது எளிது. வியாழன் மாலையே பெட்டியைப் பிரித்து, கீரை அன்றைக்கும் மறுநாளைக்கும், தக்காளியும் பீன்ஸும் வார இறுதிக்கு, கிழங்கும் பூசணியும் அதற்கும் பிறகு என்று முறைவைத்துச் சமைக்கத் தொடங்கியதும், நான்காம் வாரம் அது 300 கிராமுக்கு இறங்கியது. இந்த ஒழுங்கு இல்லாத வீட்டுக்குப் பெட்டி போவதில் சுற்றுச்சூழலுக்கு ஆதாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பொதியும் முறையில் இவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. பாலித்தீன் பை கிடையாது. காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டுதான் ஓட்டுநர் புதியதை வைக்கிறார். தோலும் காம்பும் சேர்த்த வாளியை மாதம் இருமுறை உரக்குழிக்குக் கொண்டுபோகிறார். நேரம் மட்டும் சில வாரம் பிற்பகலுக்குத் தள்ளிப்போகிறது, வெயில் காலத்தில் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் கீரை துவண்டுவிடுகிறது.

தனியாக இருப்பவர்களுக்கும் அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நாலைந்து பேர் உண்டு, வாரத்தில் ஐந்து நாளாவது அடுப்பெரியும் வீட்டுக்கு முழுப் பங்கு பொருந்தும். எங்கள் வீட்டில் மூன்றே பேர். ஆகவே வரும் பருவத்துக்கு அரைப் பங்குக்குப் பணம் கட்டியிருக்கிறேன். படிவத்தில் ஆலோசனை எழுதுவதற்கு விட்டிருந்த இடத்தில், பூசணிக்காயை அடியில் வைக்கும்படி கேட்டுக்கொண்டேன்.