ஊட்டியில் தங்கி கோல்ஃப் ஆட: மூன்று திடல்களும் இடையிலுள்ள மலைப்பாதையும்

கடந்த இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை ஊட்டியில் குடும்பத்துடன் தங்கி, விடுமுறையின் ஒரு பகுதியைக் கோல்ஃப் ஆடுவதற்கென ஒதுக்கியிருக்கிறேன். முதல் முறை நாங்கள் தங்கிய விடுதியின் வரவேற்பறையில், அருகில் மூன்று கோல்ஃப் திடல்கள் இருப்பதாகச் சொல்லி ஒரு அட்டையையும் கொடுத்தார்கள். அதில் கோயம்புத்தூர்த் திடலும் 'அருகில்' என்றே அச்சிடப்பட்டிருந்தது. அதை நம்பிக் காலையில் கிளம்பிய நான், மலையிறங்கி நகர நெரிசலைக் கடந்து போய்ச் சேர்ந்தபோது நண்பகல் நெருங்கியிருந்தது. மலையூரில் தொலைவைக் கிலோமீட்டரில் சொல்பவர் நமக்கு எதையும் சொல்வதில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன்.

முதலில் ஊட்டித் திடல். ஊட்டி ஜிம்கானா மன்றத்தின் இந்த 18 குழித் திடல் பிங்கர்போஸ்ட் பக்கம், கூடலூர் செல்லும் சாலையை ஒட்டி, வென்லாக் டவுன்ஸ் என்னும் புல்வெளிப் பரப்பில் அமைந்திருக்கிறது. 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரே அந்தப் புல்வெளிக்கு. நகரின் எந்த மூலையில் தங்கியிருந்தாலும், சீசன் நெரிசல் இல்லாத நாளில் அரை மணி நேரத்திற்குள் போய்விடலாம். மரங்கள் வரிசையாக நின்று வழிகாட்டும் திடலன்று இது. மேடும் பள்ளமுமாக விரியும் வெளியில், பந்து விழும் இடத்தைக் கண்ணால் அளப்பதே கடினம். ஃபேர்வேயின் (குழியை நோக்கிச் செல்லும், புல் வெட்டிய ஆடுபாதையின்) ஓரங்களில் மஞ்சள் பூக்களுடன் அழகாகத் தோன்றும் கார்ஸ் புதர் உண்மையில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, நீலகிரியின் மேல்தளத்தில் களையாகப் பரவிவிட்ட முட்செடி. அதற்குள் போன பந்தைக் கையை விட்டுத் தேடுவதைவிட இன்னொரு பந்தை எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே காற்றின் அடர்த்தி கீழேயுள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், நந்தனத்திலோ கிண்டியிலோ ஆடிப் பழகிய சென்னைக்காரர் 150 கெஜத்திற்கென எடுக்கும் அதே ஐயர்னில் (இரும்புத் தலை மட்டையில்) பந்து பத்துப் பதினைந்து கெஜம் கூடுதலாகப் பறந்து, குழி இருக்கும் மெல்லிய புல்தரையான கிரீனைத் தாண்டிவிடும். ஆனால் விடியற்காலைக் குளிரில் பந்தும் உடலும் இறுகியிருக்கும்போது அந்தக் கூடுதல் தூரத்தில் ஒரு பகுதி காணாமல் போய், பத்து மணி வெயில் ஏறியதும் திரும்பி வருகிறது. முதல் ஒன்பது குழிகளில் கற்ற கணக்கை அடுத்த ஒன்பதில் மாற்ற வேண்டியிருப்பது எனக்கு எரிச்சலாகவும் சுவையாகவும் இருந்தது.

ஐந்தாவது குழியில் முன்னால் நின்றவரே தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கியபோது, நான் பந்தை அடிக்கக் கையை ஓங்கியதைத் தடுத்து, "பத்து நிமிஷம் பொறுங்க சார், தானா விலகிடும்" என்றார் என்னுடன் பையைச் சுமந்து வந்த உதவியாளரான கேடி. ஏழாவது நிமிடத்தில் விலகியது. இந்தத் திடலில் கேடி இல்லாமல் முதல் முறை ஆட முயல்வது வீண். அவர் பையைத் தூக்குபவர் மட்டுமல்லர், காற்றையும் சரிவையும் படித்துச் சொல்பவர். டிசம்பர், சனவரியில் உறைபனி விழும் காலைகளில் வெயில் ஏறும்வரை கிரீன்மீது நடக்கக் கூடாது, உறைந்த புல் மிதிபட்டால் கருகிவிடும் என்று சொல்லித் தந்தவரும் அவரே.

இரண்டாவது, வெலிங்டன். குன்னூருக்கு முன்பாகவே, ஊட்டியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. வழக்கமான நாளில் முக்கால் மணி நேரம், மே மாத வார இறுதியில் அதைப்போல் இரு மடங்கு. வெலிங்டன் ஜிம்கானா மன்றம் 1873இல் தொடங்கப்பட்டது. ராணுவப் பணியாளர் கல்லூரி இருக்கும் கன்டோன்மென்ட் பகுதியில் அமைந்துள்ள இந்த 18 குழித் திடல், பராமரிப்பிலும் ஒழுங்கிலும் ஊட்டியைவிட ஒரு படி மேல் என்பது என் மதிப்பீடு. ஊட்டித் திடல் வெளிப்படையாக மிரட்டுகிறது என்றால், வெலிங்டன் மரங்களுக்கும் சரிவுகளுக்கும் நடுவே அமைதியாக ஏமாற்றுகிறது. உயரம் சுமார் 1850 மீட்டர்தான் என்பதால் குளிர் தாங்கக்கூடியது. காட்டெருமைகள் புல்வெளிக்கு வருவதுண்டு. அவை இருக்கும் பக்கம் பந்து போனால் விட்டுவிட்டு வருவதைத் தவிர வேறு வழியில்லை.

எந்த மாதத்தில் எந்தத் திடல் என்பதுதான் பலரும் கவனிக்கத் தவறுவது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஊட்டிப் பக்கம் விடாமல் தூறும்போது, மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூர், வெலிங்டன் பகுதியில் வானம் பல நாட்கள் திறந்தே இருக்கும். அக்டோபர், நவம்பரில் நிலைமை தலைகீழ்: வடகிழக்குப் பருவமழை குன்னூர்ப் பக்கம்தான் வலுவாக அடிக்கிறது, மண்சரிவால் மலைப்பாதை அடைபடுவதும் அப்போதுதான். ஆகவே ஆகஸ்டில் வெலிங்டனையும் நவம்பரில் ஊட்டியையும் தேர்ந்தெடுப்பவருக்கு நனையும் நாட்கள் குறையும்.

மூன்றாவதான கோயம்புத்தூர் கோல்ஃப் மன்றத்தின் திடல் செட்டிபாளையத்தில் இருக்கிறது. சமவெளியில் அமைந்த நல்ல 18 குழித் திடல். குறை திடலிடம் இல்லை, பயணத்திடம்தான். சீசனில் ஏறுவதற்குக் குன்னூர் வழியும் இறங்குவதற்குக் கோத்தகிரி வழியும் என ஒருவழிப்பாதை நடைமுறைக்கு வந்துவிடும். 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகள் மலையேற இ-பாஸ் வேண்டும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஊட்டிக்கு வரும் நாளிலோ திரும்பும் நாளிலோ அதை ஆடி முடிப்பதே முறை. மைசூரில், குதிரைப் பந்தயத் திடலை ஒட்டியுள்ள கோல்ஃப் திடலைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அங்கிருந்து ஊட்டிக்குத் திரும்பும் பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படுவதை மறந்தால் மாலை ஆட்டத்தை முடித்தவர் அங்கேயே அறை தேட நேரும்.

ஊட்டி, வெலிங்டன், கோயம்புத்தூர் ஆகிய மூன்றும் மன்றங்களுக்கு உரியவை, பணம் கட்டியதும் நுழைந்துவிடக்கூடிய பொதுத் திடல்கள் அல்ல. விருந்தினர் அனுமதி, கட்டணம், போட்டி நாட்கள் ஆகியவற்றை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்யாமல் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டாம். காலர் வைத்த சட்டையும் உரிய காலணியும் கட்டாயம் என்று கொள்ளுங்கள். கன்டோன்மென்ட் பகுதிக்கு அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

என் அடுத்த பயணத்திற்கு ஊட்டியில் அறை எடுக்கப்போவதில்லை, குன்னூரில்தான். அங்கிருந்து வெலிங்டன் கூப்பிடு தொலைவு; ஊட்டித் திடலுக்கு ஒரே ஒரு காலை, சீசன் வண்டிகள் கிளம்பும் முன் புறப்பட்டால் போதும்.