பயணச் சைக்கிளின் சக்கரப் பிணைப்பு: ஷிமானோ குயிக் ரிலீசும் அதற்கான மாற்றுகளும்

கிடைமட்ட டிராப்-அவுட் (சக்கரத்தின் அச்சு பொருந்தும் பிளவு) கொண்ட பழைய எஃகுச் சட்டகத்தில், சைக்கிளோடு வந்த குயிக் ரிலீசை (அச்சின் உள்ளே செல்லும் தண்டை ஒரு நெம்புகோலால் இறுக்கிச் சக்கரத்தைப் பிணைக்கும் அமைப்பை) நம்பி, பின்பைகளில் ஏறத்தாழ 18 கிலோ சுமையுடன் மலைச்சாலை ஏறிக்கொண்டிருந்தேன். எழுந்து நின்று அழுத்தி மிதித்த ஒரு கணத்தில், சங்கிலியின் இழுவையால் அச்சின் வலப்பக்கம் முன்னோக்கி நகர்ந்து, டயர் இடப்பக்கச் சட்டகக் குழாயில் உரசிச் சக்கரம் நின்றுவிட்டது. நெம்புகோல் முழுதாக மூடியபடியேதான் இருந்தது. பாதுகாப்பான பிணைப்பு என்றாலே திருட்டைப் பற்றி நினைப்பவர்கள் முதலில் பிடிப்பைப் பற்றி நினைக்க வேண்டும் என்று நான் சொல்வது அந்த ஏற்றத்தின் அனுபவத்தால்தான்.

அன்று நழுவியது வெளிக் கேம் வகை (கேம் என்பது நெம்புகோல் திரும்பும்போது தண்டை இழுத்து இறுக்கும் வளைந்த பகுதி). அதில் நெம்புகோலின் வளைந்த அடிப்பகுதி, பெரும்பாலும் பிளாஸ்டிக்காலான ஒரு குழிந்த வாஷரின் மேல் வெளிப்படையாக உரசித் திரும்புகிறது. தூசியும் மழைநீரும் அங்கே தங்குவதால் கையின் விசையில் பெரும்பகுதி உராய்விலேயே வீணாகிறது. உள் கேம் வகையில் கேம் முழுவதும் உலோகக் கூட்டுக்குள் மசகோடு அடைபட்டிருப்பதால், அதே கைவிசைக்குக் கிடைக்கும் இறுக்கம் வெகுவாக அதிகம். ஷிமானோவின் டியோர் எக்ஸ்டி வரிசைக் குயிக் ரிலீஸ் இந்த வகையைச் சேர்ந்தது. டிராப்-அவுட்டைக் கவ்வும் அதன் முகங்களில் எஃகுப் பற்கள் உள்ளன. அதை மாற்றிய பிறகு, அதே சுமையோடும் அதே சட்டகத்தோடும் சென்ற பயணங்களில் சக்கரம் ஒருமுறைகூட நகரவில்லை. எடை குறைவு என்பதற்காக டைட்டானியத் தண்டு கொண்டவற்றை வாங்குவதைப் பயணிகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எஃகைவிட டைட்டானியம் கூடுதலாக நீள்வதால் இறுக்கம் குறைகிறது.

வாங்கும் முன் ஹப்பின் (சக்கரத்தின் மையப் பகுதியின்) அகலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்சக்கரத்துக்குப் பொதுவாக 100 மி.மீ.; பின்சக்கரத்துக்குப் பழைய சாலைச் சைக்கிளில் 130, பயணச் சைக்கிளில் பெரும்பாலும் 135. மூடும்போது நெம்புகோல் அச்சுக்கு நேர்கோட்டில் நிற்கும் நிலையிலேயே எதிர்ப்புத் தொடங்க வேண்டும். மூடி முடித்ததும் உள்ளங்கையில் அதன் தடம் பதிந்திருக்க வேண்டும். நெம்புகோலைத் திருகாணிபோலச் சுற்றி இறுக்குவது பெரும்பிழை. வாடகைச் சைக்கிள்களில் இதை அடிக்கடி காண்கிறேன்.

டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளுக்குக் கூடுதல் கவனம் தேவை. ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவையின்) பின்புறம் பொருத்திய காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி), பிரேக் பிடிக்கும்போது முன் அச்சைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. டிராப்-அவுட்டின் வாயும் கீழ்நோக்கியே திறந்திருக்கிறது. 2015-இல் டிரெக் நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 9 லட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்ததற்கும் குயிக் ரிலீசே காரணம்: சரியாக மூடப்படாத நெம்புகோல் 180 பாகைக்கு மேல் திறந்து முன் டிஸ்க்கில் சிக்கக்கூடும் என்று கண்டறியப்பட்டது. புதிய சைக்கிள் வாங்குபவர் 12 மி.மீ. த்ரூ ஆக்சில் உள்ளதையே தேர்ந்தெடுக்கலாம். அங்கே அச்சு மூடிய துளைக்குள் திருகப்படுவதால் இந்தக் கவலை எழாது.

இனித் திருட்டு. உணவகத்து வாசலிலும் ரயில் நிலையத்திலும் சிறிது நேரம் நிறுத்துபவருக்கு, நெம்புகோலுக்குப் பதில் 5 மி.மீ. ஆலன் சாவியால் (அறுகோணச் சாவியால்) இறுக்கும் தண்டே போதுமானது. விலை மலிவு; சாவி எப்படியும் நம் கருவிப்பையில் இருக்கும்; ஆனால் சாவி வைத்திருக்கும் எவரும் அதைக் கழற்றலாம். அப்படிப்பட்ட எஃகுத் தண்டின் அறுகோணக் குழிக்குள் காந்தத்தால் ஒட்டி அதை அடைத்துவிடும் ஹெக்ஸ்லாக்ஸ் எனக்குப் பிடித்திருக்கிறது. காந்தம் ஒட்டாத உலோகத்தில் மட்டும் அது நிற்காது. ஜெர்மானியத் தயாரிப்பான பிட்லாக்கில் நட்டின் வடிவமே தனிக் குறியீடு கொண்டது. சாவி தொலைந்தால் உடன்வரும் குறியீட்டு அட்டையைக் கொண்டு வேறொன்றைப் பெறலாம், ஆயினும் நடுப்பயணத்தில் அது கைக்கு வந்து சேரும்வரை பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்ற வழியில்லை. அபுஸ் நட்ஃபிக்ஸ், சைக்கிளைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் மட்டுமே திறக்கும். தனிச் சாவி தேவையில்லை என்பதால் நகரத்துக்கு அருமையான ஏற்பாடு. நான்கு பைகளையும் கூடாரத்தையும் இறக்கிவிட்டு, மழையில் சைக்கிளைச் சேற்றில் படுக்க வைக்க வேண்டியிருக்கும் பயணிக்கு அதை நான் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.

இப்போது என் சைக்கிளில், பின்னே ஷிமானோ குயிக் ரிலீஸ். U வடிவப் பூட்டைப் பின்சக்கரத்தின் வழியாகச் சட்டகத்தோடு சேர்த்துப் போடுவதால் அங்கே வேறு காப்பு தேவைப்படவில்லை. முன்னே ஆலன் தண்டும் ஹெக்ஸ்லாக்சும். அதன் சிறு சாவியை வீட்டுச் சாவியோடு கோக்காமல், பஞ்சர் ஒட்டும் டப்பாவுக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.