நோட்டா, எக்செலா, கோபோவா: அகதிக் குடும்பங்களின் தகவலை எதில் வைப்பது?

07/01/1987. எங்கள் எக்செல் கோப்பில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே இருந்த பிறந்த தேதி இது. 1984இல் இலங்கையிலிருந்து படகேறி வந்த தாய் தகப்பனுக்குத் தமிழ்நாட்டில் பிறந்தவர் அவர். பிறந்தது 1987 ஜனவரி 7. அதைப் பதிந்த லேப்டாப்போ அமெரிக்கத் தேதி முறையில் இருந்தது. மாதம் முதலில், நாள் பிறகு. கோப்பு அவரை ஜூலை 1ஆம் தேதி பிறந்தவராக வைத்துக்கொண்டது.

இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர். ஜூலை 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்திருந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் எங்கள் கோப்பு அவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. இந்தத் தேதியை முன்வைத்துத்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முகாமில் வாழும் ஒருவருக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022இல் உத்தரவிட்டது. நம்மிடமும் இப்படிப்பட்டவர்கள் இருப்பார்களே என்று கோப்பை வடிகட்டிப் பார்த்தோம். அந்தப் பெண் பட்டியலில் வரவில்லை. பிறப்புச் சான்றிதழை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு அவரே தேடி வந்தபோதுதான் எங்கள் தவறு தெரிந்தது.

தகவலை எதில் வைப்பது என்ற கேள்வியை நான் பொறுப்பாக எடுத்துக்கொண்டது அன்றுதான்.

நாங்கள் சிறிய குழு. திருச்சியில் கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை முகாம்களிலும், தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வாடகை வீட்டில் குடியிருக்கும் குடும்பங்களிடமும் வேலை செய்கிறோம். மாதப் பணக்கொடையும் அரிசியும் மாநில அரசு தருவது. அதற்கான பதிவேடும் அரசிடமே இருக்கிறது. எங்களிடம் வந்து சேர்பவை வேறு: பிறப்புப் பதிவு, படிப்புச் சான்றிதழ், இலங்கையில் விட்டுவந்த நிலம், திரும்பிப் போக நினைப்பவரின் ஆவணங்கள், வீட்டுக்குள் அடி வாங்கும் பெண் சொன்னவை. இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. இலங்கைத் தமிழர் முகாம்களில் பதிவு செய்வது மாநில அரசு. ஆகவே ஐ.நா. அகதிகள் ஆணையம் உலகமெங்கும் பயன்படுத்தும் பதிவு மென்பொருளுக்கு இங்கே இடமில்லை. எங்கள் முன் இருந்தவை நீள நோட்டு, எக்செல், செல்பேசியில் படிவம் நிரப்பித் தகவல் திரட்டும் கோபோ டூல்பாக்ஸ், பிரிமெரோ ஆகிய நான்கு.

பிரிமெரோவை முதலிலேயே ஒதுக்கினேன். யுனிசெஃப் முன்னின்று வளர்த்த திறந்தநிலை மென்பொருள் அது. குழந்தைப் பாதுகாப்பு, பாலியல் வன்முறை வழக்குகளைத் தொடர்ந்து கவனிக்க அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. எந்தப் பணியாளர் எந்த வழக்கைப் பார்க்கலாம் என்று வேலைக்குத் தக்கபடி கதவு வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு சர்வர் வேண்டும், அதைப் பராமரிக்க ஆள் வேண்டும், பல அமைப்புகள் கூடி ஒப்பந்தம் போட வேண்டும். ஆறு பேர் வேலை செய்யும் இடத்தில் அதை நிறுவினால் மென்பொருளைக் காப்பாற்றவே ஒருவர் போய்விடுவார். மீதி மூன்றையும்தான் ஒன்றோடு ஒன்று உரசிப் பார்த்தோம்.

முதல் சோதனை மழை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டைப் பக்கம் இருந்த எங்கள் தொண்டர் ஒருவரின் வீட்டு ஓடுகள் பறந்துபோயின. அலமாரியில் இருந்த நோட்டுகள் நனைந்தன. ஜெல் பேனாவில் எழுதிய பக்கங்கள் நீலக் கறையாகிவிட்டன. பால்பாயிண்ட் பேனாவில் எழுதியவற்றைக் கயிற்றில் தொங்கவிட்டு உலர்த்திப் படிக்க முடிந்தது. அதே வாரத்தில் மின்சாரம் இல்லாததால் செல்பேசிகள் அணைந்துகிடந்தன. கோபோ சிக்னல் இல்லாத இடத்திலும் படிவத்தை நிரப்பி வைத்துக்கொள்ளும், சிக்னல் கிடைத்ததும் அனுப்பும்; பேட்டரி இல்லாவிட்டால் அதுவும் வெறும் கண்ணாடிச் சில்லுதான். எக்செலுக்கு இரண்டு கஷ்டமும் உண்டு: லேப்டாப்புக்கு மின்சாரம் வேண்டும், களத்தில் எழுதியதை மறுபடி உட்கார்ந்து தட்டச்சு செய்யவும் வேண்டும். மழைக்காலத்துக்கு என் ஓட்டு நோட்டுக்கே, பால்பாயிண்ட் பேனாவோடு.

அடுத்த சோதனை மொழி. இங்கேதான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

அவர்களும் தமிழர்தானே, நாங்களும் தமிழர்தானே என்று நம்பிக் கேள்விகளைத் தயாரித்துவிட்டோம். கோபோ படிவத்தில் ‘இலங்கையில் உள்ள நிலத்துக்குப் பத்திரம் இருக்கிறதா?’ என்று ஒரு கேள்வி. வாழவந்தான்கோட்டையில் ஒரு முதிய பெண்மணி ‘இல்லை’ என்றார். படிவம் நிரப்பிய எங்கள் குழுப் பெண் ‘இல்லை’யைத் தொட்டாள். நிலம் பற்றிய அடுத்த ஏழு கேள்விகளையும் படிவம் தானாகவே தாண்டிப் போய்விட்டது. அப்படித்தான் அதை அமைத்திருந்தோம். எழுந்து புறப்படும் நேரத்தில் அந்தம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார். “பத்திரம் ஒன்றும் இல்லை பிள்ளை. உறுதி மட்டும்தான் இருக்கிறது, அது உங்களுக்கு உதவுமா?” என்று மடிப்பு மடிப்பாகப் பழுப்பேறிய தாளை விரித்தார். இலங்கையில் நிலப் பத்திரத்துக்கு உறுதி என்று பெயர். நாங்கள் தேடிப்போனதே அந்தத் தாளைத்தான்.

நோட்டில் எழுதியிருந்தால் ஓரத்தில் ‘உறுதி இருக்கிறதாம்’ என்று குறித்திருப்பாள், பிறகு யாராவது பார்த்திருப்பார்கள். நிலத்தைக் காணி என்பார்கள் இலங்கைத் தமிழர்கள். தமிழ்நாட்டுப் பழைய கணக்கில் காணி ஓர் அளவு, 1.32 ஏக்கர். நம் டெல்டாவில் மா, குழி, வேலி. யாழ்ப்பாணத்தில் பரப்பு, அதில் பதினாறு சேர்ந்தால் ஓர் ஏக்கர். ‘எவ்வளவு நிலம்?’ என்று எண் மட்டும் கேட்கும் கட்டத்தில் ‘எட்டு’ என்று விழுந்தால், அது எட்டு ஏக்கரா, அரை ஏக்கரா? இப்போது எங்கள் படிவத்தில் உறுதி, பத்திரம் இரண்டு சொல்லும் இருக்கின்றன. எண்ணுக்கு முன்னால் அளவின் பெயரைக் கேட்கிறோம். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ‘அவர் சொன்னது அவர் சொல்லிலேயே’ என்று ஒரு வெற்றுக் கட்டம் இருக்கிறது. கோபோவின் படிவத்தை நாமே தமிழில் எழுதலாம், தவறு தெரிந்த அன்றே திருத்தலாம். அந்தத் திருத்தம் அன்று மாலைக்குள் எல்லாச் செல்பேசிக்கும் போய்ச் சேரும். நோட்டிலும் எக்செலிலும் பாதி வேலையில் கட்டத்தை மாற்றினால் பழையதும் புதியதும் குழம்பிப்போகும்.

பெயர் இன்னொரு தொல்லை. யோகராசா, யோகராஜா, செயந்தி, ஜெயந்தி. ஆங்கிலத்தில் மூன்று ஆவணத்தில் மூன்று எழுத்துக்கூட்டல். இலங்கையில் தகப்பன் பெயரை முழுதாக முன்னால் எழுதுவார்கள். இங்குள்ள எழுத்தர் அதை ஓர் இனிஷியலாகச் சுருக்கிவிடுவார். திருமணத்துக்குப் பின் அந்த இனிஷியல் கணவருடையதாகிவிடும். ஒரே பெண் எங்கள் எக்செலில் மூன்று பேராக இருந்தார். சொந்தப் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர் என மூன்று தனிக் கட்டங்கள் வைத்த பிறகே இது அடங்கியது. எக்செல் தரும் வேறு இடைஞ்சல்களும் உண்டு. 077 என்று தொடங்கும் இலங்கைக் கைப்பேசி எண்ணின் முன் பூச்சியத்தை அது விழுங்கிவிடும். ஒரு நெடுவரிசையை மட்டும் அகரவரிசைப்படுத்தினால் ஒருவரின் பெயருக்கு இன்னொருவரின் கதை வந்து ஒட்டிக்கொள்ளும். கணக்குப் பார்க்கவும் கூட்டவும் எக்செல் அருமையான கருவி. மனிதர்களின் பதிவேடாக அதை வைத்துக்கொள்வதைத்தான் எதிர்க்கிறேன். எல்லாருக்கும் பழக்கம் என்பதாலேயே யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை.

மூன்றாவது சோதனைதான் எனக்கு முக்கியம்: இது வேறொருவர் கையில் கிடைத்தால் யாருக்கு ஆபத்து?

சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வரிலேயே ஊடுருவிவிட்டார்கள். பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் பணிக்காகத் திரட்டிய 5,15,000க்கும் மேற்பட்டவர்களின் தகவல் அம்பலமானது 2022 ஜனவரியில் தெரியவந்தது. திருட்டே நடக்காமலும் தகவல் போய்ச் சேரும். வங்கதேசத்தில் ரோஹிங்கியா மக்களிடம் ஐ.நா. ஆணையம் திரட்டிய விவரங்கள், அவர்கள் எந்த அரசிடமிருந்து தப்பி ஓடினார்களோ அந்த மியான்மர் அரசிடமே பிறகு ஒப்படைக்கப்பட்டதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2021 ஜூனில் வெளிக்கொண்டுவந்தது. குறைந்தது 8,30,000 பெயர்கள். அட்டை கிடைக்கும், அரிசி கிடைக்கும் என்று கைரேகை வைத்தவர்கள் அவர்கள்.

எங்கள் மூன்று வழிகளையும் இந்த வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நோட்டு தொலைந்தால் ஒரு நோட்டுதான் தொலையும். ஆனால் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்கூட அதைப் படிக்கலாம். எக்செல் கோப்பு தொலைவதில்லை, பெருகுகிறது. ஒரு பென் டிரைவ், இரண்டு மின்னஞ்சல், மூன்று வாட்ஸ்அப் குழு. எங்கள் கோப்பு ஒன்று, நாங்கள் அனுப்பாத ஒருவரின் செல்பேசியில் இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். கோப்பைத் திறக்கப் பாஸ்வேர்டு வைத்திருந்தோம். அதே குழுவில் அடுத்த செய்தியாக அந்தப் பாஸ்வேர்டும் இருந்தது.

கோபோவில் படிவத்தைப் பூட்டலாம். பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறொரு சாவி. செல்பேசியில் இருப்பது பூட்டும் சாவி மட்டுமே. நிரப்பி முடித்த படிவத்தை அதை நிரப்பியவரே மறுபடி திறக்க முடியாது. சர்வரில் புகுந்தவருக்கும் புரியாத எழுத்துக் குவியல்தான் கிடைக்கும். இதற்கு விலையும் உண்டு. இணையத்தில் உடனே அட்டவணையாகப் பார்க்கும் வசதி போய்விடும். திறக்கும் சாவியைத் தொலைத்தால் அத்தனை தகவலும் போனது போனதுதான், யாராலும் மீட்க முடியாது. எங்களிடம் அந்தச் சாவி இருவரிடம் மட்டும், இரண்டு ஊர்களில் இருக்கிறது.

பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இலங்கையின் பழைய அடையாள அட்டை எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணானால் அதனோடு 500 கூட்டியிருக்கும். பெயர் இல்லாத பட்டியலில் அந்த எண்ணை மட்டும் விட்டுவைத்தால், ஆணா பெண்ணா, என்று பிறந்தார் என்பதைச் சொல்லிவிடலாம். இருநூறு முந்நூறு குடும்பம் உள்ள முகாமில் ஆளைக் கண்டுபிடிக்க அதற்கு மேல் என்ன வேண்டும்?

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை, வேலையைப் பிரித்துக்கொடுத்தோம். குடும்ப விவரம், பள்ளி, ஆவணங்கள் எல்லாம் பூட்டிய கோபோவில். எக்செலில் பெயரோ அடையாள எண்ணோ இல்லாத கூட்டுத்தொகை மட்டும். வீட்டுக்குள் நடக்கும் வன்முறை போன்றவை ஒரு குறியீட்டு எண்ணின் கீழ் நோட்டில். எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள தொடர்பு வேறொரு பூட்டிய இழுப்பறையில். ஆவணங்களைப் படம் எடுக்கும் கேள்வியையே நீக்கிவிட்டோம், ஏனென்றால் படம் செல்பேசியில் தங்கிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் ‘நாளை பத்து மணிக்கு வருகிறோம்’ என்பதற்கு மேல் எதுவும் போகாது.

சிலவற்றை எதிலும் எழுதுவதில்லை. ஒருமுறை ஓர் அக்கா, தன் தம்பி எந்த ஆண்டு யாருடன் படகேறினான் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்து, “இதை மட்டும் எழுத வேண்டாம், கேட்டால் போதும்” என்றார். பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டேன். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலை எதற்காக வாங்குகிறோம் என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிச் சம்மதம் பெறச் சொல்கிறது; தமிழிலேயே அதைக் கேட்டுப் பெறவும் வழி வைத்திருக்கிறது. நல்ல சட்டம். அந்த அக்காவின் கை என் மணிக்கட்டில் இருந்ததை அதற்கு முன்பே எனக்குப் போதுமான சட்டமாக எடுத்துக்கொண்டேன்.

1987ஆம் ஆண்டுத் தேதிக்கு வருகிறேன். அமெரிக்க முறையில் புரண்டுபோகக்கூடியவை எல்லாத் தேதிகளும் அல்ல. நாள் 12க்குள் இருப்பவை மட்டுமே, ஏனென்றால் பதின்மூன்றாவது மாதம் கிடையாது. எக்செல் கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டி நிற்பதை அது தேதி என்று புரிந்துகொண்டிருக்கிறது. இடப்பக்கம் ஒட்டி நிற்பதை வெறும் எழுத்தாக வைத்திருக்கிறது. வலப்பக்கம் நின்ற ஒவ்வொன்றையும், நாள் 12 அல்லது அதற்குக் கீழே என்றால், தனியே எடுத்து அச்சிட்டோம். ஒரு தாளில் பெயர், பக்கத்தில் மூன்று வெற்றுக் கட்டங்கள்: நாள், மாதத்தின் பெயர், ஆண்டு. வீடு வீடாகப் போய்ப் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து, மாதத்தைத் தமிழில் முழுதாக எழுதிக்கொண்டு வருகிறோம். கொட்டப்பட்டு முடிந்துவிட்டது. கும்பகோணத்தில் வேலை நேரம் போக ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஆட்கள் கிடைக்கிறார்கள். வாழவந்தான்கோட்டையில் இன்னும் இரண்டு வரிசை வீடுகள் பாக்கி இருக்கின்றன.