படிக்கும்போதே பகுதிநேர வேலை: இன்டர்ன்ஷாலா எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

படித்துக்கொண்டே மாதம் நான்காயிரம் ஐந்தாயிரம் சம்பாதிக்க நினைக்கும் கல்லூரி மாணவர் முதலில் எந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கலாம் என்று கேட்டால், இன்டர்ன்ஷாலா என்று தயங்காமல் சொல்லலாம். சென்னை ஐஐடியில் படித்த சர்வேஷ் அகர்வால் 2010இல் தொடங்கிய, மாணவர்களுக்கான இன்டர்ன்ஷிப் வேலை அறிவிப்புகள் வரும் தளம் இது. நிறுவனம் இயங்குவது குருகிராமில். கோடை விடுமுறையில் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொள்ளும் இடம் என்றே நம் மாணவர்கள் பலர் இதை எண்ணியிருக்கிறார்கள். ஆனால் செமஸ்டர் நடக்கும்போதே மாலையில் இரண்டு மூன்று மணி நேரம் வேலை செய்து ஸ்டைபெண்ட் (மாத ஊதியமாகத் தரும் தொகை) வாங்குவதற்குத்தான் இது கூடுதலாகப் பயன்படும். அந்தத் தேவைக்கு இது எப்படி என்று மட்டும் பார்ப்போம்.

மாணவர் கணக்குக்குக் கட்டணம் இல்லை, விண்ணப்பிக்கவும் இல்லை. தளத்தில் கட்டணப் பயிற்சி வகுப்புகளும் உண்டு. தேடிக்கொண்டிருக்கும்போது அவற்றின் விளம்பரம் கண்ணில் படும். அந்த வகுப்பில் சேராமலே எல்லா வேலைகளுக்கும் விண்ணப்பிக்கலாம். இதைவிட முக்கியமானது ஒன்று: ஸ்டைபெண்டைத் தருவது வேலை கொடுக்கும் நிறுவனம்தான், தளம் அல்ல. அப்வொர்க், ஃபைவர் போன்ற ஃப்ரீலான்ஸ் தளங்களில் வாடிக்கையாளரின் பணம் தளத்தின் வழியாகவே வரும், தளம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். இங்கே பங்கு பிடிப்பதில்லை, அதே சமயம் பணத்துக்கு நடுவில் நிற்பவரும் யாருமில்லை. ஆகவே சேருவதற்கு முன் நிறுவனத்தை விசாரிப்பது முழுக்க மாணவரின் பொறுப்பு.

தேடும் பக்கத்தில் ‘ஒர்க் ஃப்ரம் ஹோம்’, ‘பார்ட் டைம்’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். பெரும்பாலோர் முதலாவதை மட்டும் டிக் செய்துவிட்டு விண்ணப்பிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வீட்டிலிருந்து வேலை என்பதற்கும் குறைந்த நேர வேலை என்பதற்கும் தொடர்பே இல்லை. காலை 10 முதல் மாலை 6 வரை கணினி முன்னால் இருக்கச் சொல்லும் வேலையும் வீட்டிலிருந்து செய்யும் வேலைதான். வகுப்புக்குப் போகிறவருக்கு இரண்டாவது கட்டம்தான் உயிர். அதையும் சேர்த்து டிக் செய்தால் பட்டியல் வெகுவாகச் சுருங்கும், சுருங்குவதே நல்லது. அடுத்து ஸ்டைபெண்ட் வரம்பு. அதைச் சுழியத்திலேயே விட்டுவிட்டால் கல்லூரிக்குள் நிறுவனத்துக்கு விளம்பரம் செய்யும், பணமில்லாத கேம்பஸ் அம்பாசடர் அறிவிப்புகளும், ‘பெர்ஃபார்மன்ஸ் பேஸ்டு’ என்று போட்டிருக்கும் நிதி திரட்டும் வேலைகளும் சேர்ந்து வந்து நிற்கும். நிதி திரட்டுதல் என்றால் நடைமுறையில் உங்கள் அத்தை, மாமா, பள்ளித் தோழர்களிடம் ஏதோ ஒரு தொண்டு அமைப்புக்கு நன்கொடை கேட்டு லிங்க் அனுப்புவது. வசூலானதில் ஒரு பங்கு கிடைக்கும். அந்த அமைப்பின் பணியில் உண்மையான ஈடுபாடு இருந்தால் செய்யலாம், வருமானம் என்று நம்பி இறங்கக் கூடாது. வரம்பை 4,000இல் வைத்துவிட்டால் இவற்றில் பெரும்பகுதி வடிந்துவிடும்.

ஸ்டைபெண்ட் தொகையைப் பார்த்து மயங்காமல் மணிக்கணக்கில் வகுத்துப் பார்க்க வேண்டும். மாதம் ரூ. 8,000, நாளுக்கு 6 மணி நேரம், வாரம் 6 நாள் என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 156 மணி நேரம், மணிக்கு ரூ. 51 வருகிறது. மாதம் ரூ. 5,000, நாளுக்கு 3 மணி நேரம், வாரம் 5 நாள் என்றால் சுமார் 66 மணி நேரம், மணிக்கு ரூ. 76. குறைவாகத் தெரிகிற தொகைதான் கூடுதல் கூலி, கல்லூரி வருகைப்பதிவும் அடிபடாது. எழுத்து வேலைக்குச் சொல்லுக்கு 30 பைசா என்றால், 1,000 சொல் கட்டுரைக்கு ரூ. 300. தகவல் தேடி, எழுதி, அவர்கள் சொல்லும் திருத்தத்தையும் செய்து முடிக்க 4 மணி நேரம் ஆனால் அதுவும் மணிக்கு ரூ. 75தான். திருத்தம் எத்தனை முறை என்று முன்பே பேசிக்கொள்ளாவிட்டால் இந்தக் கணக்கு பாதியாகிவிடும்.

அறிவிப்பின் அடியில் ‘ஃப்ளெக்சிபிள் ஒர்க் அவர்ஸ்’ என்று சலுகைகளோடு சலுகையாகப் போட்டிருப்பார்கள். அது நிறுவனம் டிக் செய்த ஒரு கட்டம், அவ்வளவுதான். உங்களுக்கு வசதியான நேரத்தில் வேலை செய்யலாம் என்றும் பொருள் கொள்ளலாம், எங்களுக்குத் தேவைப்படும் எந்த நேரத்திலும் கூப்பிடுவோம் என்றும் கொள்ளலாம். நேர்காணலில் மூன்று கேள்விகள் கேட்டுவிட்டால் தெளிந்துவிடும்: தினசரி மீட்டிங் உண்டா, இருந்தால் எத்தனை மணிக்கு? ஒரு வேலையைக் கொடுத்தால் முடிக்க எவ்வளவு அவகாசம்? வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் எவ்வளவு நேரத்துக்குள் பதில் எதிர்பார்ப்பார்கள்? காலை 11 மணிக்கு அன்றாட மீட்டிங் இருக்கிறது என்றால் காலை ஷிஃப்ட் மாணவருக்கு அந்த வேலை ஒத்துவராது. சென்னையில் இரண்டு ஷிஃப்ட்டாக இயங்கும் கலை அறிவியல் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு இதில் பெரிய அனுகூலம் உண்டு. பிற்பகல் முழுதாகவோ முற்பகல் முழுதாகவோ கையில் இருக்கிறது. பொறியியல் மாணவர்கள் மாலை 5 மணிக்கு மேல்தான் எதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். லேப் நாட்களில் அதுவும் தள்ளிப்போகும்.

அதே அறிவிப்பில் நிறுவனத்தைப் பற்றிய பகுதியில், எப்போதிலிருந்து இந்தத் தளத்தில் ஆள் எடுக்கிறார்கள், எத்தனை அறிவிப்பு போட்டார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள் என்ற விவரம் இருக்கும். இந்தத் தளத்தில் இருக்கும் மிகப் பயனுள்ள தகவல் இதுதான் என்பது என் எண்ணம். நூற்றுக்கணக்கில் அறிவிப்பு போட்டு எடுத்த ஆட்கள் விரல்விட்டு எண்ணும் அளவே என்றால், விண்ணப்பங்களையும் மாதிரி வேலைகளையும் சேர்ப்பதே நோக்கமோ என்று சந்தேகப்பட இடமுண்டு. புதிய நிறுவனம் என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. இணையதளம் இருக்கிறதா, லிங்க்ட்இனில் அங்கே வேலை செய்கிறவர்கள் தெரிகிறார்களா, ஜிஎஸ்டி எண்ணோ கம்பெனிப் பதிவோ இருக்கிறதா என்று பார்த்தால் போதும். விண்ணப்பித்தவர் எண்ணிக்கை ஏற்கெனவே ஆயிரத்தைத் தாண்டியிருந்தால் உங்கள் விண்ணப்பத்தை யாரும் திறந்து பார்க்கும் வாய்ப்பு குறைவு. அறிவிப்பு வந்த ஓரிரு நாட்களுக்குள் அனுப்புவதே நல்லது.

தமிழ் மாணவர்கள் கவனிக்கத் தவறும் ஓரிடம் மொழி சார்ந்த வேலைகள். ‘கன்டென்ட் ரைட்டிங்’ என்று பொதுவாகத் தேடினால் நாடு முழுவதிலிருந்தும் போட்டி. தமிழ் என்று சொல் போட்டுத் தேடினால் மொழிபெயர்ப்பு, சப்டைட்டில், குரல் பதிவு, தமிழ் பேசும் டெலிகாலர் போன்றவை தனியாக வரும், போட்டியாளர் குறைவு. இவற்றில் டெலிகாலிங்கில் மட்டும் இலக்கு வைத்துத்தான் ஊக்கத்தொகை என்பார்கள். அடிப்படைத் தொகை எவ்வளவு, அழைப்புக்கு அவர்கள் சிம் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொந்த எண்ணிலிருந்து நாள்தோறும் நூறு பேரை அழைத்தால் உங்கள் எண் ஸ்பேம் என்று குறிக்கப்பட்டுவிடும், பிறகு வீட்டார் அல்லாதவர் யாரும் எடுக்க மாட்டார்கள்.

விண்ணப்பப் படிவத்தில் உங்களை ஏன் எடுக்க வேண்டும் என்ற கேள்விக்கான பதில்தான் எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது. கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்வேன் என்று தொடங்கும் பதில்களும், ஏஐ எழுதித் தந்ததை அப்படியே ஒட்டிய பதில்களும் ஒன்றுபோலவே இருப்பதால் படிப்பவர் இரண்டாவது வரியிலேயே அடுத்ததற்குப் போய்விடுகிறார். ஆறேழு வரி போதும். அறிவிப்பில் கேட்டிருக்கும் வேலையை நீங்கள் முன்பே செய்ததற்கு ஒரு சான்று, அதன் லிங்க், பிறகு உங்கள் நேரம். கல்லூரி இதழில் எழுதியதும், துறை விழாவுக்குச் செய்த போஸ்டரும், பாட புராஜெக்ட்டும் சான்றுதான். கூகுள் டிரைவ் லிங்க் கொடுத்தால் லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம் என்ற அனுமதியை மாற்றி வைத்திருக்கிறோமா என்று லாகின் செய்யாத வேறொரு பிரவுசரில் திறந்து பாருங்கள். அனுமதி கேட்கும் பக்கம் வந்தால், வேலை கொடுப்பவர் காத்திருக்க மாட்டார். நல்ல விண்ணப்பங்களும் இந்த ஒரு காரணத்தால் வீணாகிவிடும்.

நேரத்தைச் சொல்லும்போது ‘எப்போதும் தயார்’ என்று எழுதக் கூடாது. திங்கள் முதல் வெள்ளி மாலை 5 முதல் 8 வரை, வாரம் 15 மணி நேரம், நவம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து செமஸ்டர் தேர்வு என்பதால் மூன்று வாரம் பாதி நேரம் மட்டுமே என்று துல்லியமாக எழுத வேண்டும். இப்படி எழுதினால் எடுக்க மாட்டார்களே என்ற பயம் பலருக்கு. எழுதாமல் சேர்ந்தவர்தான் தேர்வு நேரத்தில் சொல்லாமல் காணாமல் போகிறார், கடைசி மாத ஸ்டைபெண்டையும் சான்றிதழையும் இழக்கிறார். வாரம் 15 மணி நேரத்தைத் தாண்டி ஒப்புக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 75 விழுக்காடு வருகை கேட்கும் கல்லூரியில் அது சரிந்தால் தேர்வே எழுத முடியாமல் போகலாம்.

மாதிரி வேலை கேட்பது இயல்பு. ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிகிற ஒரு கட்டுரை, ஒரு போஸ்டர் வரை செய்து கொடுக்கலாம். ஐந்து முழுக் கட்டுரை, ஒரு வாரத்துக்கான சமூக ஊடகப் பதிவுகள் என்று கேட்டால் அது இலவச வேலை. வடிவமைப்பு என்றால் வாட்டர்மார்க் போட்டு, குறைந்த தெளிவில், பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். மூலக் கோப்பு வேலையில் சேர்ந்த பிறகுதான்.

தேர்வாகிவிட்டால் ஆஃபர் லெட்டர் வருவதற்கு முன் வேலையைத் தொடங்க வேண்டாம். அதில் தினசரி மணி நேரம், மாதத் தொகை, எந்தத் தேதியில் தருவார்கள், விலகுவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, சான்றிதழுக்கு என்ன நிபந்தனை ஆகியவை இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மாதத் தொகையையும் கடைசியில் மொத்தமாகத் தருகிறோம் என்றால் மாதந்தோறும் கேளுங்கள். மறுத்தால் வேறு பார்ப்பது நல்லது. ‘செக்யூரிட்டி டெபாசிட்’, ‘பயிற்சிக் கட்டணம்’, ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்திக்கொண்டு தளத்தில் புகார் செய்யுங்கள். மாணவரிடம் பணம் வாங்க நிறுவனங்களுக்கு இத்தளத்தில் அனுமதி இல்லை.

தளத்துக்கு வெளியே டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் பார்ட் டைம் வேலைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் பணத்தை இழப்பது அங்கேதான். வீடியோவுக்கு லைக் போட்டால் முதல் நாள் நூற்றைம்பது ரூபாய் உண்மையிலேயே வரும்; பிறகு ‘பிரீபெய்டு டாஸ்க்’ என்று ஆயிரம், பத்தாயிரம் கட்டச் சொல்வார்கள், திரும்ப வராது. டேட்டா என்ட்ரி என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, பிழை விகிதம் கூடிவிட்டது, அபராதம் கட்டு, இல்லையேல் வழக்கு என்று போலி வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது இன்னொரு வகை. பயந்து கட்ட வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் ஆபத்தானது, உன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடு, மாதம் ஒரு தொகை தருகிறோம் என்பது. மோசடிப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும், கணக்கு முடங்கும், போலீஸ் முதலில் தேடி வருவது உங்களைத்தான். பணம் போய்விட்டால் நேரத்தை வீணாக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த முடியும்.

இன்டர்ன்ஷாலா எல்லோருக்கும் பொருந்தாது. மடிக்கணினி இல்லாமல் போனை மட்டும் வைத்துச் செய்யக்கூடிய வேலைகள் அங்கே குறைவு. அவசரமாகப் பணம் தேவை என்பவருக்கும் அது உதவாது. விண்ணப்பித்து, நேர்காணல் முடித்து, ஒரு மாதம் வேலை செய்த பிறகுதான் முதல் தொகை வரும். வாரத்துக்கு ஒருமுறை பணம் வரும் ஸ்விகி, சொமாட்டோ டெலிவரிதான் அத்தகையவருக்குக் கைகொடுக்கும்: 18 வயது, ஓட்டுநர் உரிமம், பான், வங்கிக் கணக்கு இருந்தால் சேரலாம். ஆனால் பெட்ரோல் உங்கள் செலவு, ஆர்டர்கள் குவிவது மதியம் 12 முதல் 3, இரவு 7 முதல் 11, அதனால் மறுநாள் காலை வகுப்பு அடிபடும். வண்டியின் இன்ஷூரன்ஸ் சொந்த உபயோகத்துக்கானது என்றால் டெலிவரியின்போது நேரும் விபத்துக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். சேரும்போதே நிறுவனத்தின் விபத்துக் காப்பீடு எவ்வளவு என்று கேளுங்கள். டியூஷன் நல்ல வருமானம், நேரமும் மாலைதான். அதில் ஒரு சிக்கல் உண்டு: பள்ளி அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரம்தான் உங்களுக்கும் செமஸ்டர். பெற்றோர் கூடுதல் வகுப்பு கேட்பது சரியாக நீங்கள் படிக்க வேண்டிய வாரத்தில்.

ஸ்டைபெண்ட் தேதி தாண்டினால் வாட்ஸ்அப்பில் கெஞ்சிக்கொண்டிருக்காமல் மின்னஞ்சல் அனுப்புங்கள். வாரந்தோறும் செய்த வேலையை வெள்ளிக்கிழமை மாலை நான்கு வரியில் மின்னஞ்சலில் அனுப்பும் வழக்கம் முதல் வாரத்திலிருந்தே இருந்தால் இப்போது அதுவே ஆதாரம். ஏழு நாளில் பதில் இல்லையென்றால் ஆஃபர் லெட்டரையும் அந்த மின்னஞ்சல்களையும் இணைத்துத் தளத்தில் புகார் செய்யலாம். நிலுவை தீரும்வரை புதிய வேலை எதையும் முடித்துக் கொடுக்க வேண்டாம். தொகையில் கொஞ்சம் குறைந்து வந்தால் வரி பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பான் எண் கொடுக்காதவருக்கு 20 விழுக்காடு வரை பிடிக்கலாம் என்பதால் சேரும்போதே கொடுத்துவிட வேண்டும். பிடித்த வரி உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் லாகின் செய்து பார்க்கலாம். ஆண்டு வருமானம் வரி வரம்புக்குக் கீழே என்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து முழுவதையும் திரும்பப் பெறலாம்.